வலி தீர்க்கும் மருந்தும் அதனால் வரும் தளையும்

மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி நம்முடையது. சட்டங்கள், சுற்றறிக்கைகள், சுகாதாரத்தைப் பற்றிய சிறு வெளியீடுகள் ஆகியன ஆங்கிலத்திலிருந்து தமிழாகும் பொருட்டு நம் மேசைக்கு வருவது வழக்கம். அண்மையில் வலி நீக்கும் மாத்திரைகளைப் பற்றிய பிரசுரம் ஒன்று வந்தது. அதில் அடிக்கடி பயின்று வந்த ஒரு சொல்லுக்கு, எல்லோரும் எழுதுவது போலவே, ‘போதைக்கு அடிமையானவர்’ என்று எழுதினோம். எழுதிய பின்னர் பேனா மேலே செல்ல மறுத்தது. காரணம், நம் குடியிருப்பில் வாழும் ஓர் அன்பரின் முகம் நினைவுக்கு வந்ததே.

அவர் மதுவையும் புகையிலையையும் தொட்டறியாதவர். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் வலிக்கென்று மருத்துவர் ஒருவர் அவருக்கு டிரமடால் மாத்திரை எழுதித் தந்தார். புண் ஆறியது, மாத்திரை நிற்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு என்றிருந்தது நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. ஒரு முறை இரண்டு நாட்கள் மாத்திரை கிடைக்காமற்போகவே, ஓயாத கொட்டாவியும், கண்ணிலும் மூக்கிலும் நீரும், மயிர்க்கூச்சும், வயிற்றுப்போக்கும், உறக்கமின்மையும் அவரை வாட்டின. வீட்டார் அதனைக் குளிர்காய்ச்சல் என்றே எண்ணினர். “அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது அண்ணா, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தானே சாப்பிடுகிறார்?” என்று அவர் மனைவி நம்மிடம் சொன்னார்.

அந்த அம்மையார் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அவருடைய கணவருக்கு நேர்ந்திருந்தது நூற்றைம்பது ஆண்டுகளாக மருத்துவ உலகம் கண்டு, பெயரிட்டு, மறந்து, மீண்டும் கண்டு வருகின்ற ஒரு நோய். அதன் வரலாற்றை அறிந்தாலன்றி அதனை அடையாளம் காண்பதும் அரிது, தீர்ப்பதும் அரிது. ஆகவே அவ்வரலாற்றைச் சுருக்கமாக நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. வலியைத் தணிக்கவும், இருமலை அடக்கவும், வயிற்றுப்போக்கை நிறுத்தவும் பல தேசத்து வைத்தியர்களும் அதனைக் கையாண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மருத்துவர் தாமஸ் சிடென்ஹாம் அபினைத் திராட்சை மதுவில் கரைத்து ‘லாடனம்’ என்னும் மருந்தைப் பரவச் செய்தார். 1804-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் டி குவின்ஸி என்னும் இளைஞர் பல்வலியும் முகவலியும் பொறாமல் ஒரு மருந்துக்கடையில் அபின் வாங்கினார். பிற்காலத்தில் பெரும் எழுத்தாளரான அவர், அம்மருந்து தம்மைப் பற்றிய கதையை 1821-ல் எழுதி வெளியிட்டார். அவரும் போதையை நாடிக் கடைக்குச் சென்றவர் அல்லர். வலியின் பொருட்டே சென்றவர்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் பாடர்பார்ன் என்னும் ஊரில் மருந்துக்கடைப் பயிற்சியாளராக இருந்த ஸெர்ட்யூர்னர், அபினின் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தார். உறக்கத்தையும் கனவையும் தரும் கிரேக்கத் தெய்வமான மார்பியஸின் பெயரால் அது வழங்கலாயிற்று. தம்மீதும் மூன்று இளைஞர்மீதும் அவர் அதனைச் சோதித்துப் பார்த்து, எல்லோரும் நஞ்சுண்டவர்போல் வருந்திய செய்தியை 1817-ல் வெளியிட்டார். மார்பின் என்று நாம் அழைக்கும் அப்பொருளை 1827 முதல் டார்ம்ஸ்டாட் நகரத்து மெர்க் நிறுவனம் வாணிகத்துக்காகச் செய்யத் தொடங்கிற்று. அபினின் வீரியம் காய்க்குக் காய் மாறுபடும். மார்பினையோ துல்லியமாக நிறுத்து அளிக்கலாம். மருத்துவர்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

1853-ஆம் ஆண்டில் எடின்பரோவில் அலெக்ஸாண்டர் வுட்டும், பிரான்சில் சார்லஸ் பிரவாஸும் தோலின் கீழ் மருந்தைச் செலுத்தும் ஊசிக்குழலைத் தனித்தனியே உருவாக்கினர். அபினை உண்பவனுக்குத்தான் அதன்மேல் பசி எழும். வயிற்றை விலக்கி ஊசி வழியே செலுத்தினால் அப்பசி எழாது என்ற நம்பிக்கை அந்நாளில் பலரிடம் இருந்தது. நோயாளிகளின் கையிலேயே ஊசியைக் கொடுத்துச் சென்ற மருத்துவர்களும் உண்டு. அந்நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது பதினைந்து இருபது ஆண்டுகளில் வெளிப்பட்டது.

முதலில் ஐயுற்றவர்களுள் ஒருவர் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மருத்துவர் கிளிஃபோர்ட் ஆல்பட். நரம்பு வலிக்காக மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட தம் நோயாளிகள் வலி நீங்காமலும், ஊசியை விட இயலாமலும் இருப்பதை அவர் கண்டார். தணிக்க வந்த வலியை அம்மருந்தே வளர்க்கிறதோ என்ற வினாவை 1870-ல் அவர் எழுப்பினார். ஏழாண்டுகள் கழித்து, பெர்லின் மருத்துவர் எட்வர்ட் லெவின்ஸ்டைன் அந்நோய்க்கு ஒரு தனி நூலே எழுதினார். மருத்துவத் தொழிலைச் சார்ந்தவர்கள் பலர் அவருடைய நோயாளிகளாக இருந்தனர் என்பது கருதத்தக்கது. நோயை நுட்பமாக விவரித்த அவர் கையாண்ட சிகிச்சையோ கடுமையானது. மருந்தைத் திடீரென்று நிறுத்தி, நோயாளியைக் காவலுடன் அறையில் அடைத்து வைத்தார். துன்பம் சில நாட்களில் அடங்கிற்று. ஆனால் வீடு திரும்பியவர்களில் பலர் மீண்டும் ஊசியை நாடினர். உடலிலிருந்து மருந்தை வெளியேற்றுவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்ற பாடம் அன்றே கிடைத்திருந்தது. அதனை முழுமையாகக் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

புதிய மருந்து வந்தால் பழைய மருந்தின் தீமை அதில் இராது என்று நம்புவது மனித இயல்பு போலும். மார்பினிலிருந்து 1874-ல் லண்டனில் ஆல்டர் ரைட் செய்து பார்த்துக் கைவிட்ட ஒரு பொருளை, 1897-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் மீண்டும் செய்தனர். அடுத்த ஆண்டில் அது இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஹெராயின். மார்பினைப்போல் மனிதனைப் பற்றிக்கொள்ளாது என்று கருதிச் சில மருத்துவர்கள் அதனை மார்பின் நோயாளிகளுக்கே கொடுத்தனர். அதன் பின்விளைவுகளை உலகம் அறியும்.

இதன்பின் மருத்துவர்களின் இடத்தில் சட்டம் வந்து அமர்ந்தது. 1912-ல் ஹேக் நகரில் சர்வதேச அபின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்காவில் 1914-ல் ஹாரிஸன் சட்டம் பிறந்தது. நோயைத் தீர்க்கும் நோக்கமின்றி, நோயாளி இயல்பாக வாழ்வதற்காக மட்டும் மார்பின் எழுதித் தருவது முறையான மருத்துவம் ஆகாது என்று 1919-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் வழக்குக்கு அஞ்சி இந்நோயாளிகளைக் கைவிட்டனர். நோயாளிகள் கள்ளச் சந்தையை நாடினர். பிரிட்டனோ வேறு வழியில் சென்றது. ரோல்ஸ்டன் குழு 1926-ல் அளித்த அறிக்கை இதனை நோய் என்றே கொண்டது. சிறிதளவு மருந்து முறையாகக் கிடைத்தால் பயனுள்ள வாழ்க்கை நடத்தக்கூடியவர்க்கு, நிறுத்தும் முயற்சிகள் பலிக்காதபோது, மருத்துவர் அதனைத் தரலாம் என்றும் அது கூறிற்று. ஒரே நோயாளி, ஒரே மருந்து. அட்லாண்டிக் கடலின் ஒரு கரையில் குற்றவாளி, மறு கரையில் நோயாளி.

1935-ல் அமெரிக்க அரசு கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்னும் இடத்தில் ஒரு பெரிய நிலையத்தைத் திறந்தது. அது பாதி சிறை, பாதி மருத்துவமனை. அங்கே ஹிம்மல்ஸ்பாக் என்னும் மருத்துவர், மருந்து நின்றவுடன் உடலில் தோன்றும் குறிகளை ஒன்றுவிடாமல் எண்ணி, அளந்து, பட்டியல் இட்டார். இன்றைய மருத்துவர்கள் நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் அளவு, மூட்டுவலி, கொட்டாவி, மயிர்க்கூச்சு முதலான பதினொரு குறிகளுக்கு மதிப்பெண் இட்டு நோயின் நிலையை அறிகிறார்கள். அம்முறைக்கு அன்றைய பட்டியலே முன்னோடி. நோயை அறியும் கலை அங்கே வளர்ந்தது. தீர்க்கும் கலை வளரவில்லை. வெளியே சென்றவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மருந்தை நாடினர்.

திருப்பம் நியூயார்க் நகரில் நேர்ந்தது. உடலின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்து வந்த டாக்டர் வின்சென்ட் டோலும், லெக்ஸிங்டனில் பணியாற்றி அங்குக் கண்ட தோல்வியால் மனம் வருந்திய மனநல மருத்துவர் மேரி நிஸ்வாண்டரும், ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஒன்று சேர்ந்தனர். ஜெர்மனியில் 1930-களின் இறுதியில் செய்யப்பட்ட மெதடோன் என்னும் வலிமருந்து உடலில் நெடுநேரம் நிற்பது. ஒரு நாளுக்கு ஒருமுறை சரியான அளவில் வாய்வழியே தந்தால் மயக்கமும் இல்லை. நிறுத்தத் துன்பமும் இல்லை. ஹெராயின்மேல் ஏக்கமும் தணிகிறது என்று அவர்கள் கண்டனர். 22 நோயாளிகளைப் பற்றி அவர்கள் 1965-ல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் போக்கையே மாற்றிற்று. அந்நோயாளிகள் பள்ளிக்கும் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பினர்.

இது ஏன் பலித்தது என்பதற்கான விளக்கம் பின்னர் வந்தது. மார்பின் வந்து பொருந்தும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்று 1973-ல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், வேறு இரு ஆய்வுக் குழுவினரும் காட்டினர். அந்த ஏற்பிகளுக்காக உடலே சுரக்கும் பொருள் உண்டென்று 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தனர். வெளியிலிருந்து மருந்து இடைவிடாது வரும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. அதே பலனுக்கு மேலும் மருந்து வேண்டியிருக்கிறது. மருந்து நின்றால் அடக்கப்பட்டிருந்த யாவும் ஒருசேரப் பொங்குகின்றன. மலச்சிக்கலைத் தந்த மருந்து நின்றால் வயிற்றுப்போக்கு. உறக்கம் தந்தது நின்றால் உறக்கமின்மை. இம்மாற்றம் சில நாட்களில் முற்றும் சீராவதன்று. மனவலிமை ஒன்றையே மருந்தாகச் சொன்ன பழைய போதனை ஏன் தோற்றது என்பது இதனால் விளங்கும்.

1966-ல் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜான் லூயிஸ் குழுவினர் புப்ரினார்பினைச் செய்தனர். இது ஏற்பியை இறுகப் பற்றினாலும் அதனைப் பாதியே இயக்குவது. ஆதலின் அளவு கூடினாலும் மூச்சை அடக்கும் வேகம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. இந்நோய்க்கு இது உதவக்கூடும் என்று 1978-ல் லெக்ஸிங்டன் ஆய்வாளர் ஜாஸின்ஸ்கி எடுத்துக்காட்டினார். நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் இம்மாத்திரை நம் நாட்டிலும் சிகிச்சைக்குப் பயன்பட்டு வருகிறது. ஏற்பியை இயக்காமல் அடைத்து வைக்கும் நால்ட்ரெக்ஸோன், மருந்தை முற்றும் நிறுத்தியவர்க்கு உதவுவது. நலாக்சோன் என்னும் மற்றொன்று, மிகை அளவால் மூச்சு நிற்கும் தறுவாயில் உள்ளவரைச் சில நிமிடங்களில் மீட்பது.

இத்தனை அறிவும் கைவந்த பின்னரும் மருத்துவ உலகம் ஒரு முறை தன் வரலாற்றை மறந்தது. 1980-ல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வருக்கே இந்நோய் கண்டது என்பது அதன் சாரம். மருத்துவமனையில், கண்காணிப்பில் இருந்தோரைப் பற்றிய அக்குறிப்பு, வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போருக்கும் பொருந்தும் என்று பின்னர் எடுத்தாளப்பட்டது. 2017-ல் ஆராய்ந்தவர்கள், அது 608 முறை மேற்கோளாகக் காட்டப்பட்டதையும், அவற்றுள் 72 சதவீதம் இந்நோய் அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டியதையும் கண்டனர். 1996-ல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்து, அதன் தீமை குறைவென்று விளம்பரம் செய்தது. பொய்யாக விளம்பரம் செய்த குற்றத்தை அந்நிறுவனத்தைச் சார்ந்த ஒரு கம்பெனி 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மாத்திரையிலிருந்து ஹெராயினுக்கும், பின்னர்க் கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட ஃபென்டனிலுக்கும் பலர் சென்றனர். 2021-ஆம் ஓராண்டில் மட்டும் அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளால் இறந்தவர் 80,000-க்கும் மேற்பட்டவர்.

அச்சம் மிகுந்தபோது மறு தவறும் நேர்ந்தது. நெடுநாள் மாத்திரை உண்டவர்களுக்கு அதனைத் திடீரென்று நிறுத்தியதால் தாங்கொணாத வலியும், மனமுறிவும், தற்கொலையும்கூட விளைந்தன. இவ்வாறு நிறுத்தலாகாது என்று 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது.

நம் நாட்டின் கதையிலும் இவ்விரு தவறுகளின் சாயல் உண்டு. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் உள்ளன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்றோர் கசகசா பயிரிடுகின்றனர். ஆயினும் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மருத்துவத்துக்கான மார்பினின் பயன்பாடு பெரிதும் வீழ்ந்தது. புற்றுநோயாளிகள் பலர் வலியிலேயே மாண்டனர். கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் போன்றோர் பல்லாண்டு போராடியதன் பயனாக 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மறுபுறம், டிரமடால் எளிதில் கிடைத்து வந்தமையால் 2018-ல் அதுவும் அச்சட்டத்தின் கீழ்க் கொணரப்பட்டது. 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, அபின் வகைப் பொருட்களால் தொல்லையுற்று உதவி வேண்டி நிற்போர் ஏறத்தாழ 77 லட்சம் என்று கணித்தது. மருந்துக்கடை மாத்திரைகளை முறையின்றி உண்போரும் அவர்களுள் அடங்குவர்.

இனி, இந்நோயை வீட்டார் அறிவது எங்ஙனம்? குறித்த நாளுக்கு முன்பே மாத்திரை தீர்ந்து போதல், ஒருவரறியாமல் மற்றொரு மருத்துவரிடம் சீட்டு வாங்குதல், வலி இல்லாத நாளிலும் மன அமைதிக்காக உண்ணுதல், வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் நிறுத்த இயலாமை, பகலில் தூங்கி வழிதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், தீராத மலச்சிக்கல் ஆகியவை குறிகள். ஒன்றை மறத்தலாகாது. மருத்துவர் சொற்படி மார்பின் உண்ணும் புற்றுநோயாளிக்கும் உடல் அம்மருந்துக்குப் பழகும். நிறுத்தினால் துன்பம் வரும். அது மட்டும் இந்நோய் ஆகாது. மருந்தை மனிதன் ஆள்கிறானா, மனிதனை மருந்து ஆள்கிறதா என்பதே வேறுபாடு. அவ்வேறுபாட்டை அறியாமல் புற்றுநோயாளியின் மருந்தைப் பறிப்பது கொடுமை.

அறிந்தபின் செய்யத்தக்கது, மாத்திரையைப் பிடுங்கி எறிதல் அன்று. மருத்துவரிடம் ஒளிவின்றிச் சொல்லுதல் வேண்டும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது சிலருக்குப் போதும். பலருக்குப் புப்ரினார்பினோ மெதடோனோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தேவைப்படும். அவற்றை முறையாகப் பெறுவோரிடையே சாவு பெரிதும் குறைகிறது என்பது பல நாடுகளின் அனுபவம். சில வாரம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவை மீண்டும் உண்டால் மூச்சு நின்று மாளக்கூடும். உதடு நீலம்பாரித்து, எழுப்பினாலும் எழாமல், மூச்சுத் தளர்ந்து கிடப்பவரை உறங்குகிறார் என்று விட்டுவிடாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எங்குச் செல்வது என்று அறியாதோர் 14416 என்னும் மத்திய அரசின் மனநலத் தொலைபேசியில் தமிழிலேயே கேட்டறியலாம்.

நம் குடியிருப்பு அன்பர் இப்பொழுது அரசு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெறுகிறார். நாவின் கீழ் மாத்திரையைக் கரைத்துக்கொண்டு அலுவலகம் செல்கிறார். ஒரு மருந்தை விட்டு மற்றொரு மருந்தைப் பிடித்தார் என்று உறவினர் ஒருவர் குறை கூறினாராம். சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் அவ்வுறவினரிடம், அம்மையார் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் அவருடைய ஊசிப் பெட்டியைப் பார்த்தாராம்.

மீண்டும் நம் பேனா நின்ற இடத்துக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லின் வேரும் அடிமை என்பதே. பண்டைய ரோமாபுரியில் கடனைத் தீர்க்க இயலாமல் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டவனை ‘அடிக்டஸ்’ என்றனர். வலியிலிருந்து சிறிது விடுதலையைக் கடனாகப் பெற்று, வட்டி கட்டி மாளாதவனுக்கு அப்பெயர் பொருந்தாதது அன்று. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964-லேயே அச்சொல்லை விடுத்து, ‘மருந்தைச் சார்ந்திருத்தல்’ என்ற பொருளுடைய சொல்லைப் பரிந்துரைத்தது. நாமும் எழுதியதை அடித்துவிட்டு, ‘மருந்துச் சார்பு நோய் உற்றவர்’ என்று எழுதினோம். சொல் சற்று நீண்டுவிட்டது. மேலதிகாரி சுருக்கச் சொல்லக்கூடும். அடிமை என்று தம்மை அழைக்கும் வாசலுக்கு எவரும் மருந்து கேட்டு வரமாட்டார்; நோயாளி என்று அழைக்கும் வாசலுக்கு வருவார். அதனால் அச்சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.